சாவு வீட்டு அண்டாவில் காய்ச்சிய கஞ்சி

தோட்டத்துக்குள் போய் ஜீப்பை விட்டு இறங்கியதும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். "உங்களுக்கு என்னென்ன குறை?" என்று கேட்கிறீர்கள். சனங்களும் சொல்லுவார்கள். தண்ணி இல்லை, கூரை ஒழுகுது, கக்கூஸ் இல்லை. கேட்டால் சொல்லாமல் இருப்பார்களா? இந்த வேலையில் இருந்த காலம் முழுக்க அந்தக் கேள்வியை நான் ஒருதரம்கூடக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்று புதிதாகச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு சரி எனக்கு. மெதுவாகத்தான் எழுத வரும். நீங்களும் மெதுவாகவே படியுங்கள்.

சமூக வேலைக்கு வருவதற்கு முன்னால் நான் எஹலியகொடைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிள்ளைக்காம்பரா ஆயாவாக இருந்தேன். விடியலில் ரப்பர் பால் வெட்டப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளையும் ஓடித் திரிகிற பிள்ளைகளையும் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேர் என் மடியில் மூத்திரம் பெய்து வளர்ந்தவர்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். துரைமாரும் கிளாக்கர்மாரும் வந்தார்கள், போனார்கள். என் மடி அங்கேயே இருந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலம் அது. கூப்பன் அரிசி குறைந்துபோனது. கோதுமை மா கிடைக்கவில்லை. பாண் ரொட்டி வாங்க டவுனில் விடியுமுன்னே வரிசை நின்றது. வேலையும் வாரம் முழுக்க இல்லை. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது. எங்கள் சபரகமுவையில் மழைக்கா குறைச்சல்? பிள்ளைகள் வெறும் வயிற்றோடு வந்தன. பசித்த பிள்ளை அழும் என்று நினைப்பீர்கள். கொஞ்ச நாள்தான் அழும். பிறகு அழாது. சுவரோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளைகள் இருக்கிற இடம் சத்தமில்லாமல் இருந்தால் இன்றைக்கும் நான் முதலில் சுவரோரம்தான் பார்ப்பேன்.

சுவரோரம் உட்கார்ந்த பிள்ளைகளில் ஒருத்தி ராணி. பால்வெட்டுக்காரி அஞ்சலையின் ஒரே மகள். அஞ்சலையின் புருஷன் இன்னொருத்தியோடு வரக்காப்பொலைப் பக்கம் போய்விட்டான். பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் தனியாகத்தான் கிடந்தாள். ராணிக்கு ஒரு பழக்கம் உண்டு. என் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டேதான் நடப்பாள். நான் அடுப்புக்குப் போனால் அடுப்புக்கு வருவாள், பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் பீலிக்கு வருவாள்.

எங்கள் தோட்டத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமில்லை. தொழிற்சங்கம் இருந்தது, கோயில் கமிட்டி இருந்தது. ஆனால் சண்டையில்லாமல் நடந்தது ஒன்றுதான், மரண உதவிச் சங்கம். யாராவது செத்தால் கோயிலுக்குப் பக்கத்து ஸ்டோர் திறக்கும். பெரிய அண்டாவும் அகப்பையும் பந்தலுக்குக் கட்டுகிற படங்கும் சாவு வீட்டுக்கு வந்து சேரும். கருமாதி முடிகிற வரைக்கும் அந்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது, சங்கம்தான் சமைத்துப் போடும். அதற்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி தர வேண்டும். முகம் பார்த்துப் பேசாதவர்கள்கூடத் தருவார்கள். சாவு வீட்டுக்கு வந்த எவரையும் சாப்பிடாமல் அனுப்பக்கூடாது. இதெல்லாம் எங்கும் எழுதி ஒட்டின சட்டமில்லை. ஆனாலும் அதை யாரும் மீறிப் பார்த்ததில்லை.

ஸ்டோர் சாவி பெருமாள் கங்காணியின் இடுப்பில் தொங்கும். அவர்தான் அந்தச் சங்கத்துக்குத் தலைவர். நான் அவரிடம் போனேன்.

"தலைவரே, அந்த அண்டாவக் கொஞ்ச நாளைக்கு எங்கிட்ட குடுங்க. புள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சணும்."

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "ஒனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா ஆயா? அது எழவு அண்டா. சாவு விழாம அது வெளிய வந்தா, வந்ததுக்கு ஒரு சாவக் கேக்கும்."

"பசி மட்டும் கேக்காதா?"

"வாய் இருக்குன்னு பேசாத. எந்தத் தாய் தம்புள்ளைக்கு அதுல காச்சினத ஊத்துவா? நீயே போய்க் கேட்டுப்பாரு."

கேட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். அஞ்சலைகூடக் காதைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ ஆயா, எம்புள்ள இருக்கறது ஒன்னே ஒன்னு."

அதற்காக நான் அவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. அண்டாவை விட்டுவிட்டேன். அந்தச் சங்கத்தின் பிடி அரிசிப் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்காம்பரா வாசலில் ஒரு சுளகை வைத்து, "சாவுக்குப் போடுறீங்கதானே, உசுருக்கும் ஒரு பிடி போட்டுட்டுப் போங்கடி" என்றேன். முதல் நாள் சிரித்தார்கள். பிறகு போட்டார்கள். சிலர் அரிசி, சிலர் ஒரு துண்டு மரவள்ளிக்கிழங்கு. ஒன்றும் இல்லாதவள் ஒரு கட்டு விறகு போட்டாள். பிள்ளைகளுக்குக் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுகிற தகர டின்னைத் தேய்த்துக் கழுவி அதில் கஞ்சி காய்ச்சினேன். தண்ணிக் கஞ்சிதான். ஆனால் பிள்ளைகள் சுவரை விட்டு நடு வீட்டுக்கு வந்தன. ராணி மறுபடியும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தச் செய்தி எப்படியோ கொழும்புவரை போய், ஒரு நிறுவனத்தின் ஜீப் வந்து நின்றது. எந்த நிறுவனம் என்பது வேண்டாம், இப்போது அது இல்லை. வந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். வெள்ளைக் காற்சட்டையோடு சாணி மெழுகின தரையில் உட்கார்ந்து, அந்தக் கஞ்சியில் ஒரு வாய் குடித்தார். கண் கலங்கிவிட்டது.

"அம்மா, இந்தப் பஞ்சத்துக்குள்ளை நீங்கள் இப்பிடி ஒரு வேலை செய்யிறியள். நாங்கள் சும்மா விடுவமே?"

சும்மா விடவில்லை. அடுத்த தடவை வரும்போது மா மூட்டையும் பால்மாப் பெட்டிகளும் பளபளவென்று ஒரு புது அலுமினியப் பானையும் வந்தன. கூடவே ஒரு பெயர்ப்பலகையும் வந்தது. கொடுக்க வேண்டுமானால் ஒரு கமிட்டி இருக்க வேண்டுமாம், தலைவிக்குக் கையெழுத்துப் போடத் தெரிய வேண்டுமாம். எனக்கும் கையெழுத்துப் போட வரும். கொஞ்சம் நேரம் எடுக்கும், அவ்வளவுதான். நான் பேனாவைச் சரியாகப் பிடிப்பதற்குள் பெரிய கணக்கப்பிள்ளையின் சம்சாரம் தலைவியாகிவிட்டார். அவருக்கு நாற்காலி வந்தது. பிள்ளைக்காம்பராப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத அம்மா அவர்.

ஐயா தாய்மாரைக் கூட்டி வைத்துச் சொன்னார். "இனி ஒருத்தரும் அரிசி கொண்டுவரத் தேவையில்லை. எல்லாம் நாங்கள் தருவம்."

எல்லோரும் கைதட்டினார்கள். கூட்டம் கலைந்த பிறகு நான் ஜீப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஐயா, நீங்க குடுக்கறத குடுங்க, வேணாங்கல. பிடி அரிசிய மட்டும் நிறுத்தாதீங்க. ஒருக்கா நின்னுச்சுன்னா திரும்பக் கெளப்பறது கஷ்டம்."

"என்ன அம்மா சொல்லுறியள்? பட்டினி கிடக்கிற சனத்திட்டைப் போய் அரிசி வேண்டுறதே? பாவமெல்லே?"

அவர் இரக்கத்தோடுதான் சொன்னார். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன். சுளகில் ஒரு பிடி போட்டவரைக்கும் அஞ்சலை கொடுக்கிறவளாக இருந்தாள், ஐயா. வேலைக்குப் போகும்போது தலை நிமிர்ந்து போனாள். மறுநாள் அவளைக் கிண்ணத்தோடு வரிசையில் நிறுத்தினீர்கள். கணக்கப்பிள்ளை அம்மா, "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்றார். அவளும் தள்ளி நின்றாள்.

ஒரு மாரிகாலம் வரைக்கும் நன்றாகவே நடந்தது. பிள்ளைகளின் கன்னத்தில் சதை வைத்தது, அதை மறைக்க மாட்டேன். பிறகு ஒரு மாதம் ஜீப் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. கணக்கப்பிள்ளை அம்மாதான் சொல்லி அனுப்பினார். "திட்டம் இந்தப் பக்கம் முடிஞ்சிருச்சாம். வேற மாவட்டத்துக்குப் போயிட்டாங்களாம்." புதுப் பானை அவர் வீட்டுக் கிணற்றடியில் துணி ஊறவைக்க ஆனது. பெயர்ப்பலகை மட்டும் என் வாசலில் நின்றது.

சுளகைத் துடைத்துத் திரும்பவும் வாசலில் வைத்தேன். யாரும் குனியவில்லை. சரி என்று, தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகப் போனேன். பீலியடியில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கேட்டாள்.

"கொழும்பு மாவெல்லாம் எங்க போச்சு ஆயா?"

"அவங்க நிறுத்திட்டாங்கடி."

"நிறுத்திட்டாங்களா, நீ முடிச்சிட்டியா? ஒங்க வீட்டுக் காம்பராவுல தெனம் ரொட்டி வாசன அடிச்சுச்சாம்ல?"

இன்னொருத்தி தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே, "ஆயாவுக்கு ஒடம்பு பூசினாப்புலதான் இருக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேர் என் மடியில் வளர்ந்தவர்கள்.

பிள்ளைகளே, நான் அடுத்தவர் வீட்டில் ஒரு கறிவேப்பிலை இலைகூடக் கேட்டு வாங்கினவள் இல்லை. என்னைப் பார்த்துப் பிள்ளைகளின் சோற்றில் கை வைத்தவள் என்றார்கள். அந்த இடத்தில் உங்களில் பாதிப் பேர் ராஜினாமா எழுதுவீர்கள். எனக்கு எழுத நேரமாகும் என்பதால் நான் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். மறுநாள் காலையில் அதே பெண்களின் வாசலில் போய்ச் சுளகை நீட்டினேன். அன்றைக்கும் வெறும் சுளகோடுதான் வந்தேன். அதற்கு மறுநாளும் போனேன். இந்த வேலையில் மானம் ஒரு பக்கமும் பிள்ளை ஒரு பக்கமும் இழுக்கும். எந்தப் பக்கம் போவதென்று யோசிக்க நேரம் கிடைக்காது. முதலிலேயே யோசித்து வைத்துக்கொண்டு வாருங்கள்.

பழி சொன்னதுகூடப் பெரிதில்லை. "அவங்க திரும்ப வருவாங்க ஆயா, எதுக்கு நம்ம அரிசி?" என்று சொன்னவர்கள்தான் அதிகம். ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மலைக்குக் கீழே ஏதாவது லாரிச் சத்தம் கேட்டால் வாசலுக்கு வருவார்கள். சொந்தக் கையை மறந்துவிட்டு ரோட்டைப் பார்க்கிற சனமாக ஆகிவிட்டார்கள். நாலைந்து வீட்டார் மட்டும் போட்டார்கள். அஞ்சலையும் போட்டாள். அதில் அத்தனை பிள்ளைகளுக்கும் காய்ச்சினேன். அதைக் கஞ்சி என்று சொல்ல என் வாய் கூசும்.

ராணி சுவரோரம் போனாள். நான் முந்தானையை அவள் கையில் வைத்தால் பிடிப்பாள், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடுவாள். பிறகு வயிற்றுப்போக்கு வந்தது. டிஸ்பென்சரி ஐயா பார்த்துவிட்டு இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். தோட்டத்து லாரி பால் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. அது வருகிறவரைக்கும் அஞ்சலை ரோட்டோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். லாரி வந்தபோது அவசரமில்லாமல் போய்விட்டது.

அன்றைக்குப் பெருமாள் கங்காணி ஸ்டோரைத் திறந்தார். அண்டா வந்தது. அஞ்சலையின் லயத்து வாசலில் படங்கு கட்டினார்கள். அப்புறம் பிடி அரிசி வந்தது. எந்த வீட்டில் ஒரு பிடி இல்லை என்றார்களோ அந்த வீட்டிலிருந்தும் வந்தது. பீலியடியில் சிரித்தவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்து கொட்டினாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து மெனிக்கே என்கிற சிங்களத்துப் பொம்பளை இரண்டு பலாக்காயைத் தலையில் சுமந்துகொண்டு வந்து இறக்கிவைத்து, "அனே, பொடி தருவா", ஐயோ சின்னப் பிள்ளையே என்று அவள் பாஷையில் சொல்லி, ராணியின் காலைத் தொட்டு அழுதாள். அவர்கள் ஊரிலும் இப்படி ஒரு மரணச் சங்கம் உண்டு. அவர்களுடையதும் செத்தால்தான் கதவைத் திறக்கும்.

நான் ஓரமாக நின்று அரிசி குவிவதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்த கடியில் தாடை வலித்தது.

அடக்கம் பண்ணிவிட்டு வந்ததும் பந்தி போட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன். லயத்துப் பிள்ளைகள் அத்தனையும் படங்குக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, அந்த எழவு அண்டாச் சோற்றை அள்ளி அள்ளித் தின்றன. எந்தத் தாயும் தடுக்கவில்லை. சாவு வீட்டில் சாப்பிடுவது முறைதானே? என் தலைக்குள் ஏதோ ஒன்று விழித்துக்கொண்டது.

பெருமாள் கங்காணி துண்டை உதறித் தோளில் போட்டார். "சின்னப்புள்ள சாவு. இதுக்குக் கருமாதி கெடையாது. விடிஞ்சதும் அண்டா ஸ்டோருக்குப் போயிரணும்."

அவர் சொன்னது எங்கள் வழக்கம்தான். நான் உள்ளே போனேன். அஞ்சலை சுவரில் சாய்ந்து கிடந்தாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த மண் அவள் கால் நகத்தில் காயவில்லை. அவளிடம் இதைக் கேட்பதா என்று ஒரு நிமிஷம் நின்றேன். கேட்டேன்.

"அஞ்சல, கருமாதின்னு ஒன்னு வச்சா அதுவரைக்கும் அண்டா இங்கயே இருக்கும். எல்லாப் புள்ளையும் ஒன் வாசல்ல வந்து சாப்புடும். ஒனக்குப் பாக்க முடியுமாடி?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் என்னை அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். எழுந்தாள். அவிழ்ந்த தலையோடு வாசலுக்குப் போனாள்.

"தலைவரே, எம்புள்ளைக்குக் கருமாதி உண்டு."

"என்னா பேசற? இப்பத்தான் பால்குடி மறந்த புள்ளைக்குக் கருமாதியா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். தோட்டத்துல எத்தன சாவுக்கு நான் பிடி அரிசி போட்டிருக்கேன்? எங்கையி சின்னக் கையின்னு ஒரு பிடி கொறச்சு வாங்குனீங்களா? எம்புள்ள சின்னப்புள்ளதான். அதுக்கு வந்த பசி சின்னப் பசியா வந்துச்சா?"

சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைகள்கூடக் கையை நிறுத்திவிட்டன. பெருமாள் கங்காணி அண்டாவைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார். யாரும் அவர் பக்கம் பேசவில்லை.

"செய்ங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

கருமாதி வரைக்கும் நாள் தவறாமல் அண்டா கொதித்தது. சட்டப்படி வீட்டுக்கு வீடு அரிசி வந்தது. பிள்ளைகள் தட்டை ஏந்திக்கொண்டு அஞ்சலை வாசலுக்கு வந்தன. எனக்குத் திருட்டுப் பட்டம் கட்டினவர்கள் எவரும் என்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. அரிசியை மட்டும் கையைப் பார்த்து வாங்கிக்கொண்டேன், முகத்தைப் பார்க்கவில்லை.

கருமாதி முடிந்து அண்டாவை எடுத்துப்போகப் பெருமாள் கங்காணி ஆளோடு வந்தார். அவருடைய பேரப்பையன் பாதி உடம்பு அண்டாவுக்குள் இருக்க, அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவர் கூட வந்த ஆளைக் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இருக்கட்டும் ஆயா. நாளைக்கு எடுத்துக்கறேன்."

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் கோயிலடியில் என்னைக் கண்டபோது, "நாளைக்கு வர்றேன்" என்றார். சங்கத்துச் சட்டத்தை அவர் மாற்றவில்லை. சாவு விழாமல் அண்டா வெளியே வரக்கூடாது என்பது அவர் இருந்தவரைக்கும் அப்படியே இருந்தது. எடுக்க வரவில்லை, அவ்வளவுதான். வேறு வீட்டில் சாவு விழுந்தால் அண்டா அங்கே போகும். காரியம் முடிந்ததும் தானாக அஞ்சலை வாசலுக்கு வந்துவிடும். பிடி அரிசியும் வந்துகொண்டிருந்தது. எழவு அண்டா என்கிற பேர் மெல்ல மெல்ல மறைந்து, ராணி அண்டா என்று பிள்ளைகள் சொல்லத் தொடங்கின.

நல்ல முடிவு என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு சாவு இல்லாமலே இதைச் செய்திருக்கலாம். செய்துகொண்டுதான் இருந்தோம். அதனால்தான் பிற்பாடு நான் வேலைக்குப் போன தோட்டங்களில் எல்லாம், "நாங்க வர்றதுக்கு முந்தி நீங்க என்னா செஞ்சுக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டேன். பதில் கிடைக்கிறவரைக்கும் ஜீப்பிலிருந்து ஒரு மூட்டைகூட இறக்க விட்டதில்லை. இதற்காக என்னைத் திமிர் பிடித்தவள் என்று மேலிடத்தில் எழுதினார்கள். எழுதட்டும்.

பிறகு ஒரு நாள் அந்த யாழ்ப்பாணத்து ஐயா திரும்ப வந்தார். வேறு ஏதோ வேலையாக எஹலியகொடைக்கு வந்தவர், எட்டிப் பார்க்க வந்தாராம். அஞ்சலை வாசலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியளே அம்மா! நாங்கள் போட்ட விதை முளைச்சிட்டுது."

எனக்கு வாய் நிறைய வந்தது. விழுங்கிவிட்டேன். பதில் சொல்லும் உரிமை உள்ளவள் அங்கே அகப்பையோடு நின்றுகொண்டிருந்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அவள் பக்கம் திரும்பினார்.

"இப்ப எத்தினை பிள்ளையள் கஞ்சி குடிக்கினம், பிள்ளை?"

அஞ்சலை தலையைத் தூக்கவில்லை. அண்டாவைக் கிளறிக்கொண்டே சொன்னாள்.

"ஒன்னு கொறையுதுங்க ஐயா."

அவர் விளங்காமல் என்னைப் பார்த்தார். நான் அடுப்புக்குள் விறகைத் தள்ளினேன்.